நட்சத்திரம் நழுவினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: தொலைநோக்கி மவுண்ட்டின் மோட்டார் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

மோட்டார் பொருத்தியாயிற்று, பேட்டரியும் போட்டாயிற்று. சனியை நடுவில் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்பவரிடம் "வாங்க, பாருங்க" என்று இடம் விடுவதற்குள் அது ஓரத்தைத் தாண்டிவிடுகிறது. உடனே பெரும்பாலோர் டிரைபாடைத் திருப்பி, துருவ நட்சத்திரத்தைத் தேடி, போலார் அலைன்மென்ட்டை (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைக்கும் வேலையை) முதலிலிருந்து தொடங்குவார்கள். நானும் மூன்று இரவுகள் அதையேதான் செய்தேன். கடைசியில் பார்த்தால், மோட்டார் தண்டைப் பிடித்திருக்க வேண்டிய கடுகளவு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) ஒன்று தளர்ந்திருந்தது. அந்த மூன்று இரவுகளும் நல்ல தெளிந்த வானம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆலன் கீயைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை அளந்துவிடுவேன்: நட்சத்திரம் எந்தப் பக்கம் போகிறது, ஓரத்தை அடைய எவ்வளவு நேரம் எடுக்கிறது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டுமே சொல்லிவிடும்.

கீழே சொல்வதெல்லாம் ஈக்வடோரியல் மவுண்ட்டின் (ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்கும் தாங்கியின்) ஆர்.ஏ. அச்சில், அதாவது அந்தத் துருவ அச்சில், பொருத்தும் மோட்டாரைப் பற்றியது. தானாகவே பொருளைத் தேடிப் போகும் கணினி மவுண்ட்டுகளின் கதை வேறு.

முதல் வேலை: கடிகாரச் சோதனை

வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு) பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியன் பெல்ட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மின்டாகா கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அது இல்லாத மாதங்களில் சித்திரையோ திருவோணமோ போதும். துருவத்துக்கு அருகில் உள்ளவை வேண்டாம். அவை மெதுவாக நகர்வதால் கணக்கு ஏமாற்றும்.

மோட்டாரை அணைத்துவிட்டு, நட்சத்திரத்தை நடுவில் வைத்து, ஓரத்தைத் தொடும் வரை நேரம் பாருங்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரம் ஒரு நிமிடத்தில் 15 வில்நிமிடம் (கால் டிகிரி) நகரும். 100 மடங்கு உருப்பெருக்கமும் 50 டிகிரி தோற்றப்புலமும் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) உள்ள ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், தெரியும் வானத்தின் வட்டம் அரை டிகிரி (50-ஐ 100-ஆல் வகுத்தது). ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்கு 60 வினாடி. உங்கள் ஐபீஸில் வேறு எண் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் அளவுகோல். நட்சத்திரம் வெளியேறிய திசைதான் மேற்கு. டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) போட்டால் இடம் வலமாக மாறும், நியூட்டோனியனில் (ஆடி வைத்த தொலைநோக்கியில்) தலைகீழாகும். அதனால் மேற்கு எது என்று மனதால் கணக்குப் போட வேண்டாம், நட்சத்திரமே காட்டட்டும்.

இப்போது மோட்டாரைப் போட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அணைத்திருந்தபோது வந்த நேரத்தை, ஓடும்போது வந்த நேரத்தால் வகுத்தால் வேகப் பிழை கிடைக்கும். அணைத்தபோது 1 நிமிடம், ஓடும்போது 10 நிமிடம் என்றால் பிழை பத்தில் ஒரு பங்கு. மேற்கே போனால் மோட்டார் மெதுவாக ஓடுகிறது. கிழக்கே போனால் வேகமாக ஓடுகிறது. வடக்கிலோ தெற்கிலோ போனால் மோட்டார் நிரபராதி.

மோட்டாரில் உயிரே இல்லை

மின்னழுத்தத்தை மோட்டார் ஓட முயலும்போதே மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். தனியே எடுத்து அளந்தால் சோர்ந்த பேட்டரியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். சுமை ஏறியதும் சரியும். பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா, ஒரு செல் தலைகீழாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளி மின்சாரம் கொடுப்பவர்கள் கவனியுங்கள். 6 வோல்ட் கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது ஒரே முறைதான் ஓடும். பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் கன்ட்ரோலரின் மேல் அச்சிட்ட படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

விளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் மோட்டாருக்குப் போகும் ஒயரைப் பிளக்கின் அருகில் மெல்ல வளைத்துப் பாருங்கள். அடிக்கடி சுருட்டப்படும் ஒயர் அங்கேதான் உள்ளே அறும். இரண்டு மோட்டார் உள்ள செட்டில் பிளக்குகள் இடம் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு: கிழக்கு மேற்குப் பொத்தானை அழுத்தினால் டெக் அச்சு (குழாயை வடக்கு தெற்காக நகர்த்தும் அச்சு) நகரும், ஆர்.ஏ. சும்மா கிடக்கும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, நட்சத்திரம் முன்போலவே ஓடுகிறது

அதாவது மோட்டார் அணைத்தபோது 60 வினாடி, ஓடும்போதும் 60 வினாடி. மோட்டார் சுற்றுகிறது, அந்தச் சுழற்சி தொலைநோக்கிக் குழாய்க்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ பிடி விட்டிருக்கிறது. என் மூன்று இரவுகளும் போனது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோட்டாரிலிருந்து தொலைநோக்கி வரை சங்கிலியாகச் சில பிடிகள் உண்டு. மோட்டார் தண்டில் ஒரு சிறு கியர் அல்லது கப்ளிங் (இரு தண்டுகளை இணைக்கும் துண்டு). அதைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ. சில மாடல்களில் கையால் திருப்ப வசதியாக ஒரு கிளட்ச். பிறகு வோர்ம் தண்டு (திருகுபோல் மரை வெட்டிய தண்டு), அதிலும் ஒரு கிரப் ஸ்க்ரூ. வோர்ம் சுற்றினால் வோர்ம் சக்கரம் சுற்றும். வோர்ம் சக்கரத்தையும் ஆர்.ஏ. அச்சையும் இணைப்பது அந்த அச்சின் பூட்டுத் திருகு. இவற்றில் எது வழுக்கினாலும் அறிகுறி ஒன்றுதான்.

இதை இருட்டில் தேட வேண்டாம். பகலில், அறைக்குள்ளேயே, ஒரு மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பிடியின் இரு பக்கமும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போடுங்கள்: தண்டின் மேலிருந்து கியரின் மேல் வரை, கப்ளிங்கிலிருந்து வோர்ம் தண்டு வரை. மோட்டாரை அரைமணி நேரம் ஓட விட்டு வந்து பாருங்கள். எந்த இடத்தில் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதோ அங்கேதான் வழுக்கல்.

கிரப் ஸ்க்ரூ வழுக்கினால் வெறுமனே இறுக்கினால் போதாது. தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். ஸ்க்ரூவின் நுனி அந்தத் தட்டைப் பகுதியில் உட்கார வேண்டும். உருண்டையான பக்கத்தில் இறுக்கினால் கையால் அசைத்துப் பார்க்கும்போது உறுதியாகத் தெரியும், சுமை ஏறியதும் மெல்ல வழுக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது.

கிளட்ச் உள்ள மாடலில் அதைப் பூட்ட மறப்பது சாதாரணம். இதற்கு எதிர்ப்பக்கமான தவறு இன்னும் மோசமானது: கிளட்ச் பூட்டியிருக்கும்போது ஸ்லோ மோஷன் குமிழை (குழாயை மெல்ல நகர்த்தும் குமிழ்) கையால் பலமாகத் திருப்பினால், மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களின் பல் உடையும். குமிழ் திரும்ப மறுத்தால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள்.

நட்சத்திரம் முன்பைவிட வேகமாக ஓடுகிறது

60 வினாடி 30 ஆகிவிட்டதா? மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வானம் ஒரு பக்கம், குழாய் மறுபக்கம். கன்ட்ரோலரில் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தானாகத் தள்ளப்படுவது வழக்கம். சுவிட்ச் சரியாகவே இருந்தால், மோட்டாரை வோர்மின் மறுமுனையில் பொருத்தியிருக்கிறீர்களா என்று கையேட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

பகலிலும் சரிபார்க்கலாம். வட அரைக்கோளத்தில் மவுண்ட்டின் பின்னால் நின்று, துருவத்தை நோக்கிப் பார்த்தால் ஆர்.ஏ. அச்சு கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். தென் அரைக்கோளத்தில் தென்துருவத்தைப் பார்த்து நின்றால் கடிகாரமுள் போகும் திசை.

மெதுவாக மேற்கே, அல்லது மெதுவாகக் கிழக்கே

5 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம் கழித்து ஓரத்தைத் தொடுகிறது என்றால் இணைப்புகள் எல்லாம் சரி, வேகம்தான் பிசகு.

பிசகு வருவது மோட்டாரின் வகையைப் பொறுத்தது. விலை குறைந்த செட்டுகளில் சாதாரண டி.சி. மோட்டாரும் வேகத்தை மாற்ற ஒரு குமிழும் இருக்கும். இதன் வேகம் மின்னழுத்தம், குளிர், சுமை மூன்றாலும் மாறும். ஒருமுறை சரியாக வைத்த குமிழ் மறுநாளும் சரியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். ஒவ்வொரு இரவும், அதே குழாயை ஏற்றி, அதே ஐபீஸைப் போட்ட பிறகு, மேற்கே போனால் சிறிது கூட்டி, கிழக்கே போனால் சிறிது குறைத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு படிகளாகச் சுற்றும் மோட்டார்) செட்டுகளில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைப் பிடித்து வைக்கும். அங்கே மெதுவாக நழுவினால் வேகத் தேர்வு சுவிட்ச், சோர்ந்த பேட்டரி, சமநிலை என்ற வரிசையில் பாருங்கள்.

வானம் மூடியிருக்கும் நாளில் வேகத்தை அளக்க ஒரு வழி உண்டு. நட்சத்திர நாள் 23 மணி 56 நிமிடம் 4 வினாடி, அதாவது 86,164 வினாடி. அதை உங்கள் வோர்ம் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், வோர்ம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய நேரம் கிடைக்கும். 144 பல் என்றால் 598 வினாடி. 130 பல் என்றால் 663. 180 என்றால் 479. வோர்ம் தண்டில் காகிதத்தால் ஒரு சிறு முள் ஒட்டி, ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டாப்வாட்ச் போடுங்கள். 144 பல் சக்கரத்தில் 10 வினாடி கூடுதலாக வந்தால் பிழை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. கண்ணால் பார்ப்பதற்கு அது ஒன்றுமே இல்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1824-இல் டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) வானியல் ஆய்வகத்துக்காக ஜெர்மன் ஒளியியல் வல்லுநர் ஃப்ரான்ஹோஃபர் கட்டிய 24 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஓட்டியது, கீழே இறங்கும் எடையால் இயங்கிய கடிகாரப் பொறி. அதை வைத்துத்தான் வானியலாளர் ஸ்ட்ரூவ் ஆயிரக்கணக்கான இரட்டை நட்சத்திரங்களை அளந்தார். மின்சாரமே இல்லாமல் அந்தச் சீரான வேகத்தைக் கொண்டுவந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

முதல் ஒரு நிமிடம் நழுவி, பிறகு தானாகவே நிற்கிறது

இது கோளாறு என்று சொல்ல மாட்டேன். பற்சக்கரங்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கிறது. நீங்கள் குமிழைப் பின்னோக்கித் திருப்பி நட்சத்திரத்தைப் பிடித்திருந்தால், மோட்டார் முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். அதுவரை குழாய் நகராது. எப்போதும் மோட்டார் சுற்றும் திசையிலேயே கடைசித் திருப்பத்தை முடியுங்கள்.

குழாயையும் கவுன்டர்வெயிட்டையும் (குழாய்க்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடை) துல்லியமாகச் சமன் செய்யாமல், கிழக்குப் பக்கம் ஒரு இழை கூடுதல் எடை இருக்கும்படி விடுவது நல்லது. அப்போது மோட்டார் எப்போதும் எடையைத் தூக்கிக்கொண்டே போகும், பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியே இருக்கும். அதிகம் வேண்டாம், பூட்டுத் திருகைத் தளர்த்தினால் கிழக்குப் பக்கம் மெல்லச் சாய வேண்டும், அவ்வளவுதான். வானத்தின் மறுபாதிக்குக் குழாயைத் திருப்பிய பிறகு கிழக்கில் இருப்பது எது என்பது மாறிவிடும், மறக்காதீர்கள்.

வடக்கிலோ தெற்கிலோ நழுவுகிறது

இப்போதுதான் போலார் அலைன்மென்ட். ஆனால் எவ்வளவு பிழை என்று முதலில் கணக்கிடுங்கள். மவுண்ட்டின் அச்சு துருவத்திலிருந்து 1 டிகிரி விலகியிருந்தால், நட்சத்திரம் வடக்கு தெற்காக நழுவுவது அதிகபட்சம் நிமிடத்துக்கு 16 வில்வினாடி (60 வில்வினாடி ஒரு வில்நிமிடம்). மேலே சொன்ன ஐபீஸில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்! 10 நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் உங்கள் அச்சு 6 டிகிரியாவது தள்ளி நிற்கிறது. கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் துருவ நட்சத்திரத்தை அச்சின் நேரே வைத்துவிட்டாலே போதும். அது உண்மையான துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்கும் குறைவாகத்தான் விலகியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் கோள் காணாமல் போவதற்குப் போலார் அலைன்மென்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

துருவ நட்சத்திரம் மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, தெரியாத அளவுக்குத் தாழ்வாக இருந்தாலோ, நழுவலையே வைத்துத் திருத்தலாம். வட அரைக்கோளத்துக்கான முறை இது. உச்சிக்கோட்டில் (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டில்), வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் கிழக்கே திருப்புங்கள். அது நின்றதும், கிழக்கு வானத்தில் தாழ்வாக இருக்கும் ஒன்றைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நழுவினால் தாழ்த்துங்கள். ஐபீஸில் வடக்கு எது என்று சந்தேகம் வந்தால் குழாயின் முனையைத் துருவத்தின் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். நட்சத்திரம் எந்த ஓரத்தை நோக்கி நகர்கிறதோ அது தெற்கு. தென் அரைக்கோளத்தில் இந்தத் திருத்தங்கள் அனைத்தும் நேர் எதிர்.

திணறுகிறது, நின்று நின்று போகிறது, பிம்பம் நடுங்குகிறது

மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வேர்: எங்கோ இறுக்கம். மோட்டாரைக் கழற்றிவிட்டு வோர்ம் தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். ஓரிடத்தில் மட்டும் கனமாக இருந்தால் வோர்ம் சக்கரத்தோடு அதிகம் அழுந்தியிருக்கிறது, அல்லது பல்லில் அழுக்கு. எல்லா இடத்திலும் கனமென்றால் பழைய கிரீஸ் குளிரில் கெட்டியாகியிருக்கும். கையால் லேசாகச் சுற்றுகிறது, மோட்டாரை மாட்டினால் மட்டும் திணறுகிறது என்றால் மோட்டார் தண்டும் வோர்ம் தண்டும் நேர்கோட்டில் இல்லை. பிராக்கெட் திருகுகளைத் தளர்த்தி, மோட்டாரை ஓட விட்டு, அது தானாக அமரும் இடத்தில் இறுக்குங்கள்.

கியரோடு கியர் சேரும் மாடலில் இரண்டு பல்வரிசைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்தி, பிராக்கெட்டை இறுக்கி, பிறகு காகிதத்தை உருவி எடுங்கள். அந்தக் காகிதத்தின் தடிமன்தான் தேவையான இடைவெளி.

சந்திரன் மட்டும் நிற்கவில்லை

எதையும் தொடாதீர்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே சந்திரனே மணிக்கு அரை டிகிரி கிழக்கே நகர்கிறது. கன்ட்ரோலரில் சந்திர வேகம் இருந்தால் அதைப் போடுங்கள்; இல்லையென்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானைத் தட்டினால் போதும். சூரியனுக்குத் தனி வேகம் இருப்பதைப் பார்த்து அதை முயலத் தோன்றினால், குழாயின் முன்பக்கத்தை முழுவதும் மூடும் தரமான சூரிய ஃபில்டர் இல்லாமல் குழாயைத் திருப்பவே கூடாது. ஃபைண்டரையும் (பொருளைத் தேட உதவும் சிறு தொலைநோக்கி) மூடியிருக்க வேண்டும்.

சில படங்களில் புள்ளி, சில படங்களில் கோடு

கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், கேமரா காட்டிக்கொடுக்கும். கோடு வடக்கு தெற்காக நீண்டால் போலார் அலைன்மென்ட். இங்கே அந்த 1 டிகிரி பெரிய விஷயம்தான். 750 மில்லிமீட்டர் குவியதூரத்தில் 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவுக்கு ஒரு பிக்சல் ஏறக்குறைய 1 வில்வினாடி. 30 வினாடிப் படத்தில் 8 பிக்சல் நீளும்.

கோடு கிழக்கு மேற்காக, அதுவும் சில படங்களில் மட்டும் என்றால் அது வோர்மின் பிழை. எந்த வோர்மும் முழு வட்டமாகக் கடையப்படுவதில்லை. ஒரு சுற்றுக்குள் குழாய் சிறிது முந்தும், சிறிது பிந்தும். சிறிய மவுண்ட்டுகளில் இது பல பத்து வில்வினாடிகள் வரை போகும். முந்துவதிலிருந்து பிந்துவதற்குத் திரும்பும் நேரத்தில் எடுத்த படம் புள்ளியாக இருக்கும், நடுவில் எடுத்தது நீண்டிருக்கும். வரிசையாக எடுத்த படங்களைப் பாருங்கள்: கோடும் புள்ளியும் வோர்மின் ஒரு சுற்று நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு எந்தத் திருகை இறுக்கியும் பயனில்லை. படத்தின் நேரத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, நீண்டவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோகைடர் (நட்சத்திரத்தைக் கவனித்து மோட்டாரைத் தானாகத் திருத்தும் கருவி) வாங்குவதாக இருந்தால் அதற்கு இடம் தரும் கன்ட்ரோலரா என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, திடீரென்று நிற்கிறது

டார்ச் அடித்து மவுண்ட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒயர் ஏதாவது குமிழில் மாட்டி இழுபட்டிருக்கும், அல்லது உச்சிக்கோட்டைத் தாண்டிய குழாய் டிரைபாட் காலில் முட்டியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு: அச்சு ஏறக்குறைய படுத்துக்கிடப்பதால் கவுன்டர்வெயிட் தண்டு துருவப் பக்கத்துக் காலில் இடிக்கும். அந்தப் பக்கம் ஒரு கால் வராமல், இரண்டு கால்களின் நடுவிலுள்ள இடைவெளி வரும்படி டிரைபாடைத் திருப்பி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத மவுண்ட்டில் தண்டு இடிக்கும் கோணத்தை ஒருமுறை பகலில் சுற்றிப் பார்த்து அச்சின் மேல் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால், இரவில் அந்தக் கோடு வரும் முன் குழாயை மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம்.